பறவையின் காதுப்பாதையில் எந்த நரம்புக்கடத்தி எங்கே, என்ன செய்கிறது: வரைந்து படிக்க முழு வழிகாட்டி

முதுகலை விலங்கியல், உடலியங்கியல், கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களில் "பறவை மூளைத்தண்டில் கேட்டல்" என்ற தலைப்பு செமினாருக்கோ புராஜெக்ட்டுக்கோ தலையில் வந்து விழுந்தவர்களுக்காக இது. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் படித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பாடம் யாருக்கும் புரியாமல் போவதில்லை, வரிசைதான் தப்பிப் போகிறது. முதல் நாளே குளுட்டமேட், காபா, கிளைசின், அசிட்டைல்கோலின் என்று பட்டியல் போட்டு, பக்கத்திலேயே "தூண்டும்", "அடக்கும்" என்று எழுதி மனப்பாடம் பண்ணிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் பாலூட்டிகளை மனதில் வைத்து எழுதியது. பறவைக்குள் அதைக் கொண்டுபோனால் பாதி வழியில் கவிழ்த்துவிடும்.

கடைசியில் உங்கள் கையில் இருக்கவேண்டியது ஒரே ஒரு சார்ட். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோழிக்குஞ்சு பற்றியோ கூகை பற்றியோ எந்த ஆய்வுக் கட்டுரையின் மின்பதிவுப் படம் வந்தாலும் "இது எந்த சினாப்ஸ் (இரண்டு நரம்புச்செல்கள் சேரும் இடம்), எந்த ஏற்பி, ஏன் கோடு கீழே இறங்குகிறது" என்று சொல்ல முடியவேண்டும். அவ்வளவுதான் இலக்கு.

1. உட்காரும் முன்

பெரிய சார்ட் பேப்பர் ஒன்று, பென்சில், ரப்பர், நாலு கலர் பேனா. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். லாக் போடத் தெரிந்த கால்குலேட்டர் வேண்டும், போனில் இருப்பதே போதும். பென்சிலை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது, 7-ஆம் படியில் ஏற்கெனவே வரைந்ததை நிச்சயம் அழிப்பீர்கள்.

பாடத்தில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டுதான்: நெர்ன்ஸ்ட் சமன்பாடு (செல்லுக்கு உள்ளும் வெளியும் இருக்கும் அயனி அளவை வைத்து அதன் சமநிலை மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது), அப்புறம் சினாப்ஸில் கடத்தி வெளிவந்து ஏற்பியில் ஒட்டினால் அயனிக் கதவு திறக்கும் என்ற அடிப்படை. இந்த இரண்டும் தடுமாறினால் முதலில் அங்கே ஒரு நாள் செலவழியுங்கள். அதை விட்டுவிட்டு முதல் வேலையாகக் கட்டுரைகளை டவுன்லோடு பண்ணிக் குவிக்காதீர்கள். பாதை தெரியாமல் கட்டுரையைத் திறந்தால் சுருக்கெழுத்துகளே பயமுறுத்திவிடும்.

2. தலையைத் திறந்து இடத்தைப் பாருங்கள்

இதைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். தவிர்த்தவர்கள்தான் பிறகு "மேலே", "கீழே", "நடுக்கோடு" என்று படிக்கும்போது திணறுகிறார்கள்.

கோழிக்கடையில் வெட்டிய தலை கழிவோடுதான் போகும். "பாய், தலை நசுங்காம நாலு வேணும்" என்று கேளுங்கள், "இன்னாத்துக்குமா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார். கையுறை போட்டுக்கொண்டு, சமையலுக்குப் புழங்காத பாத்திரத்தில் நன்றாக வேகவையுங்கள். பச்சை மூளை விரல் பட்டாலே குழைந்துவிடும், வெந்தால் இறுகி நிற்கும். அதற்காகத்தான் இந்தச் சூடு. கல்லூரியில் ஃபார்மலின் வசதி இருந்தால் அங்கே செய்யுங்கள், வீட்டில் ஃபார்மலின் வேண்டாம்.

தோலை உரித்து, பின்மண்டையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலால் எலும்பைத் துண்டு துண்டாக எடுங்கள். முன்னால் பெருமூளை, இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு பார்வை மடல்கள், நடுவில் குறுக்குக் குறுக்காக மடிப்பு விழுந்த சிறுமூளை. சிறுமூளையின் இரண்டு காம்புகளையும் நறுக்கித் தூக்கினால் அடியில் ஒரு பள்ளம் தெரியும். அது நான்காவது வென்ட்ரிக்கிளின், அதாவது மூளைக்குள் திரவம் நிற்கும் அறையின் தரை. இந்தத் தரைக்குச் சற்றே கீழே, நடுக்கோட்டுக்கு இரு பக்கமும்தான் நாம் படிக்கப்போகும் மேக்னோசெல்லுலாரிஸ், லாமினாரிஸ் என்ற நியூக்ளியஸ்கள் (நரம்புச்செல் தொகுதிகள்) இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, தேடவேண்டாம். இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

இவை மேற்பரப்பை ஒட்டி இருப்பதாலும், குறுக்காக ஒரு மெல்லிய சீவல் எடுத்தால் இரண்டு பக்கத்து நியூக்ளியஸ்களும் அவற்றை இணைக்கும் இழைகளும் அறுபடாமல் ஒன்றாகக் கிடைப்பதாலும்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் கோழிக்குஞ்சு இவ்வளவு பிரபலம். கட்டுரைகளில் பாதிக்கு மேல் "மூளைத்தண்டுச் சீவல்" என்று வருவது இதைத்தான்.

பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் போட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. பாதையை மட்டும் வரையுங்கள், கடத்தி இப்போது வேண்டாம்

சார்ட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அது நடுக்கோடு. இடது காது ஒரு ஓரம், வலது காது மறு ஓரம். ஒரு பக்கத்தை மட்டும் வரைந்துவிட்டு "அந்தப் பக்கமும் இதே மாதிரிதான்" என்று விடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, அதை இங்கே விடுங்கள். இரண்டு காதுகளையும் ஒப்பிடுவதுதான் இந்தச் சுற்றின் முழு வேலையே.

ஒவ்வொரு காதிலிருந்தும் எட்டாம் கபால நரம்பு மூளைத்தண்டுக்குள் வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆங்குலாரிஸ் என்ற இன்னொரு நியூக்ளியஸுக்கு, அது முக்கியமாக ஒலியின் வலிமையைப் பார்க்கிறது. இன்னொரு கிளை மேக்னோசெல்லுலாரிஸுக்கு, அது நேரத்தைப் பார்க்கிறது. இனி மேக்னோ என்றே சொல்கிறேன்.

மேக்னோவிலிருந்து புறப்படும் இழை இரண்டு பக்கத்து லாமினாரிஸுக்கும் போகிறது. கோழியில் லாமினாரிஸ் செல்கள் ஒரே அடுக்காக வரிசை கட்டி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கொத்து டென்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை). அதே பக்கத்து மேக்னோ மேல் கொத்துக்கும், எதிர்ப்பக்கத்து மேக்னோ கீழ்க் கொத்துக்கும் வரும். அம்புக்குறியை அப்படியே, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்றாகப் போடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற இழை லாமினாரிஸின் கீழே படிப்படியாகக் கிளைவிட்டுக்கொண்டே போகும், தூரம் கூடக்கூடத் தாமதமும் கூடும். 1948-இல் ஜெஃப்ரஸ் காகிதத்தில் ஊகித்த "தாமத வரிசை" இதுதான். கூகையில் அதை உடற்கூறாகவும் மின்பதிவாகவும் காட்டியவர்கள் கேத்தரின் காரும் மசகாசு கொனிஷியும், 1980-களின் கடைசியில். கூகை என்றால் பழைய குடோன் பக்கம் ராத்திரியில் வெள்ளை முகத்தோடு பறக்கிறதே, அதே வகை.

இப்போது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், ஓரமாக ஒரு வட்டம் போட்டு சுப்பீரியர் ஆலிவரி என்று எழுதுங்கள், இரு பக்கமும். அதே பக்கத்து ஆங்குலாரிஸும் லாமினாரிஸும் இதற்குள் வருகின்றன. இதிலிருந்து அம்பு திரும்பி மேக்னோவுக்கும் லாமினாரிஸுக்கும் ஆங்குலாரிஸுக்கும் போகிறது, மூன்றும் அதே பக்கம். இன்னொரு அம்பு நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து ஆலிவரிக்கு. அந்தக் குறுக்கு அம்பை விட்டுவிடாதீர்கள், 8-இல் அதற்கு வேலை இருக்கிறது.

பாலூட்டிகளிலும் இதே பெயரில் ஒரு தொகுதி உண்டு. பெயர் ஒன்று என்பதற்காக அதன் வேலையை இங்கே ஏற்றாதீர்கள். பாலூட்டியில் இரண்டு காதுகளையும் ஒப்பிடும் செல்களே அதற்குள் இருக்கின்றன. பறவையில் நேர ஒப்பீடு லாமினாரிஸில் நடக்கிறது, ஆலிவரியின் முக்கிய வேலை திரும்பி வந்து அடக்குவது.

4. ஒவ்வொரு அம்புக்கும் நான்கு கேள்வி

அம்பு எங்கே முடிகிறதோ அங்கே சின்னப் பெட்டி ஒன்று போட்டு இந்த நான்கையும் நிரப்பவேண்டும்: என்ன கடத்தி வெளிவருகிறது, எந்த ஏற்பியில் ஒட்டுகிறது, எந்த அயனி எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு சீக்கிரம் முடிகிறது.

தூண்டுமா அடக்குமா என்ற கேள்வி இதில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அது கடத்தியின் குணமல்ல, நான்கு பதிலும் சேர்ந்தபின் வருகிற முடிவு. இதை இங்கேயே பிடித்துக்கொண்டால் காபா உங்களை ஏமாற்றாது.

5. காதுக்குள் இருப்பதைச் சீக்கிரம் முடியுங்கள்

பறவையின் காதில் ஒலி அதிர்வை உணரும் ரோமச் செல்கள் நெட்டை, குட்டை என்று இரண்டு வகை. நெட்டைச் செல்கள் குளுட்டமேட்டை வெளிவிட்டு நரம்பைத் தூண்டுகின்றன, மூளைக்குப் போகும் செய்தி பெரும்பாலும் இவற்றிலிருந்துதான். குட்டைச் செல்களுக்கு மூளையிலிருந்து திரும்பி வரும் இழைகள்தான் அதிகம், அங்கே வெளிவருவது அசிட்டைல்கோலின்.

பள்ளியில் அசிட்டைல்கோலின் தசையைச் சுருக்கும் என்று படித்தோம் அல்லவா? அதை வைத்து இங்கேயும் பெட்டியில் "தூண்டும்" என்று போட்டுவிடுவார்கள். நடப்பது வேறு: நிகோடினிக் வகை ஏற்பி திறந்து கால்சியம் உள்ளே வருகிறது, அந்தக் கால்சியம் பக்கத்திலிருக்கும் பொட்டாசியம் கதவைத் திறக்கிறது, பொட்டாசியம் வெளியே போய் செல் அடங்கிவிடுகிறது. நான்கு கேள்விக்குப் பயிற்சியாக இந்தப் பெட்டியை முதலில் நிரப்புங்கள். அதற்குமேல் காதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

6. குளுட்டமேட்: இங்கே பார்க்கவேண்டியது வேகம்

நரம்பு மேக்னோவில் முடிகிற இடத்தில் சாதாரணப் பொட்டு மாதிரி முனை கிடையாது. உயர் அதிர்வெண் பகுதியில் மேக்னோ செல்லுக்கு டென்ட்ரைட் ஏறக்குறைய இல்லவே இல்லை, உருண்டையான செல் உடலின்மேல் நரம்பு முனை கைவிரல் விரித்துப் பிடித்த மாதிரி பெரிதாகப் படர்ந்திருக்கும். ஹெல்டின் எண்ட்பல்ப் என்பது அதன் பெயர். ஒரு செல்லுக்கு இப்படி ஓரிரண்டு, மூன்று முனைகள்தான் வரும். சார்ட்டில் இந்த முனையைத் தடிமனாக வரையுங்கள், மற்ற அம்பு மாதிரி மெல்லியதாகப் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பெரிய முனை? ஒலி ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 29 மைக்ரோ நொடி ஆகிறது. கோழிக்குஞ்சின் தலை எவ்வளவு சின்னது என்று இப்போதுதான் பார்த்தீர்கள், இரண்டு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். கூகை ஏறக்குறைய 10 மைக்ரோ நொடி வித்தியாசத்தையே பிரித்தறிகிறது. இதில் ஒரு சினாப்ஸ் அரை மில்லி நொடி இப்படி அப்படித் தள்ளாடினால் எல்லாம் போச்சு. அதனால் ஒரே நேரத்தில் நிறைய குளுட்டமேட் கொட்டவேண்டும், கொட்டியது உடனே முடியவேண்டும்.

முடிப்பதற்கு ஏற்பியே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. இங்கே இருப்பவை குளுட்டமேட்டுக்கான ஆம்பா வகை ஏற்பிகள், அதிலும் குளூஏ2 என்ற துணையலகு குறைவாக உள்ளவை. குளூஏ2 குறைந்தால் கால்சியமும் நுழையும். அதோடு இந்த வகை திறந்த சூட்டிலேயே மூடிக்கொள்ளும், குளுட்டமேட் இன்னும் அங்கேயே இருந்தாலும் சரி. மின்னோட்டம் மில்லி நொடிக்குள் ஏறி இறங்கிவிடும். செல்லின் தோலிலும் கேவி1 என்ற பொட்டாசியம் கதவுகள் நிறைந்திருக்கின்றன. இவை ஓய்வு நிலையிலிருந்து கொஞ்சம் மேலே போனாலே திறந்து செல்லை இழுத்துப் பிடிப்பவை. ஒரு குளுட்டமேட் அடிக்கு ஒரே ஸ்பைக் (செல் சுடும் மின்துடிப்பு), அதுவும் சரியான நேரத்தில். இந்தக் கேவி1-ஐ மேக்னோ, லாமினாரிஸ் இரண்டு பெட்டியிலும் கலர் பேனாவால் எழுதிவையுங்கள், அடுத்த படி முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

குளுட்டமேட்டின் இன்னொரு ஏற்பியான என்எம்டிஏ பற்றிக் கேட்பார்கள். கருவில் இருக்கிறது, வளர வளர அதன் பங்கு சுருங்கிவிடுகிறது. அது மெதுவான ஏற்பி, இந்த அவசரத்துக்கு உதவாது.

மேக்னோ லாமினாரிஸுக்கு விடுவதும் குளுட்டமேட், ஆம்பாதான். ஆங்குலாரிஸும் லாமினாரிஸும் ஆலிவரிக்கு விடுவதும் குளுட்டமேட். இந்த அம்புகளை எல்லாம் ஒரே கலரில் தீட்டிவிடுங்கள். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: சாயமேற்றிய படத்தில் மேக்னோவும் லாமினாரிஸும் கால்ரெட்டினின் என்ற பொருளில் பளிச்சென்று தெரிவதைப் பார்த்துவிட்டு அதையும் கடத்திப் பட்டியலில் சேர்ப்பது. அது கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதம். உள்ளே நுழையும் கால்சியத்தைச் சமாளிக்க இருக்கிறது, கடத்தி அல்ல.

7. காபா: அழித்து எழுதப்போகும் இடம்

ஆலிவரியிலிருந்து திரும்பி வரும் அம்புகள் பெரும்பாலும் காபா. ஏற்பி காபா-ஏ, ஓடுவது குளோரைடு. இதுவரை தகராறு இல்லை. உடனே பெட்டியில் "குளோரைடு உள்ளே வரும், செல் இன்னும் எதிர்மின்னாகும்" என்று எழுதிவிடுவீர்கள். எழுதுங்கள், பென்சில்தானே.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். பறவையின் உடல் சூட்டில் குளோரைடின் சமநிலை மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில் ஏறத்தாழ 62 × லாக் (உள்ளே இருப்பது ÷ வெளியே இருப்பது). வெளியே 130 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்வோம். முதிர்ந்த பாலூட்டி நியூரானில் உள்ளே 8 போல இருக்கும் என்றால் விடை −75. ஓய்வு நிலை −60, ஆக காபா கதவு திறந்ததும் செல் −75-ஐ நோக்கிக் கீழே போகும். நம் புத்தகத்துக் கதை இது.

மேக்னோ செல் தனக்குள் குளோரைடை நிறையச் சேர்த்துவைத்திருக்கிறது. உள்ளே 30 போட்டுப் பாருங்கள். விடை −39. ஓய்வு −60, ஸ்பைக் வாசல் சுமார் −50. அதாவது காபா கதவு திறந்தால் குளோரைடு வெளியே ஓடும், செல் மேலே ஏறும், ஸ்பைக் வாசலையும் தாண்டிய ஒரு புள்ளியை நோக்கி ஏறும்! கோழிக்குஞ்சில் காபா இப்படி டிபோலரைஸ் பண்ணியே, அதாவது செல்லின் மின்னழுத்தத்தை மேலே ஏற்றியே அடக்குகிறது என்பதை ஹைசன், ரெயஸ், ரூபெல் மூவரும் 1995-இல் காட்டினார்கள். குட்டிப் பாலூட்டிகளின் மூளையிலும் காபா மேலே ஏற்றும், பிறகு வளர்ந்ததும் மாறிவிடும். இங்கே குஞ்சு பொரித்தபிறகும் மாறுவதில்லை.

பெட்டியில் எழுதியதை அழியுங்கள். "குளோரைடு வெளியே, செல் மேலே" என்று எழுதுங்கள். உடனே பாதிப் பேர் பக்கத்தில் "அப்படியானால் தூண்டும்" என்று போடுவார்கள். பொறுங்கள்.

மேலே ஏறியும் அடக்குவதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது கசிவு. காபா கதவுகள் நிறையத் திறந்திருக்கும்போது குளுட்டமேட் கொண்டுவரும் மின்னோட்டம் அந்த வழியாக வடிந்துவிடும். காலையில் தெரு முழுக்க எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்துவிட்டால் நம் வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏறாது, அப்படி. கணக்காகவே பாருங்கள்: 2 நானோ ஆம்பியர் மின்னோட்டம், செல்லின் தடை 20 மெகா ஓம் என்றால் 40 மில்லிவோல்ட் எழும்பும், ஸ்பைக் உறுதி. காபாவால் தடை 4 மெகா ஓமாக விழுந்தால் அதே மின்னோட்டத்துக்கு 8 மில்லிவோல்ட்தான். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்தவை, வழி இதுதான்.

இரண்டாவது, செல் மெதுவாக மேலே ஏறியதால் நீங்கள் கலரில் எழுதிய கேவி1 கதவுகள் திறந்துகொள்கின்றன. அதுவும் கசிவை இன்னும் கூட்டுகிறது, செல்லை வாசலுக்கு அருகிலேயே பிடித்தும் வைக்கிறது. மூன்றாவது, அந்த ஏற்றத்திலேயே சோடியம் கதவுகளில் ஒரு பகுதி செயலிழந்துவிடுகின்றன. ஸ்பைக் போட ஆள் குறைந்துவிட்டது. காபா சட்டென்று, வலுவாக வந்தால் தொடக்கத்தில் ஒரு ஸ்பைக் விழுவதும் உண்டு, அதைப் பார்த்து மிரளவேண்டாம். அப்புறம் அடக்கம்தான்.

நான்காம் கேள்வி, வேகம். குளுட்டமேட் அடி மில்லி நொடிக்குள் முடிந்தது. காபா அப்படியில்லை, மேக்னோவிலும் லாமினாரிஸிலும் அது பல பத்து மில்லி நொடி நீளும். ஆலிவரி இழையைத் தொடர்ந்து தூண்டினால் முனையிலிருந்து காபா ஒவ்வொரு தூண்டலுக்கும் தனித்தனியாக வராமல் முன்பின்னாகக் கசிந்துகொண்டே வருகிறது. ஆக மேக்னோவுக்குக் கிடைப்பது மேடுபள்ளமில்லாத, நிதானமான ஒரு அடக்கம். அதில் நேரத் தகவல் இல்லை, இருக்கவும் கூடாது.

8. இந்த அடக்கம் எதற்கு என்று சார்ட்டிலேயே தேடுங்கள்

விரலை ஆங்குலாரிஸில் வைத்து அம்பைப் பின்தொடருங்கள். ஒலி வலுக்கிறது, ஆங்குலாரிஸ் அதிகமாகச் சுடுகிறது, ஆலிவரி அதிகமாகக் காபா விடுகிறது, மேக்னோவும் லாமினாரிஸும் அடங்குகின்றன.

லாமினாரிஸ் செல் இரண்டு பக்கத்து உள்ளீடும் ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் சுடவேண்டியது. எண்ணூர் பக்கத்துக் கன்டெய்னர் லாரி ஹாரன் மாதிரி பலமான ஒலி வந்தால் ஒரு பக்கத்து உள்ளீடே போதும் என்று சுட ஆரம்பித்துவிடும், திசை குழம்பிவிடும். ஆலிவரி விடும் காபா, சுடுவதற்கான வாசலை உயர்த்திவைப்பதால் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் திசைக்கணக்கு ஒன்றாகவே வருகிறது. லாமினாரிஸில் காபா ஒருங்குநேரத்தைக் கூர்மையாக்குவதை 1998-இல் ஃபுனாபிகி, கோயனோ, ஓமோரி ஆகியோர் சீவலில் அளந்தார்கள்.

3-இல் போட்ட குறுக்கு அம்பு ஞாபகமிருக்கிறதா? ஒலி இடது பக்கம் பலமாக இருந்தால் இடது ஆலிவரி வேகமெடுத்து வலது ஆலிவரியை அடக்கும். வலது காதுக்கு வந்தது ஏற்கெனவே மெல்லிய ஒலி, அதை இன்னும் அடக்கினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. இரண்டு பக்கமும் சமநிலைக்கு வர அந்த அம்பு உதவுகிறது.

9. மிச்சமுள்ளவற்றை ஓரத்தில் எழுதுங்கள்

கிளைசின் பறவையில் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ஆங்குலாரிஸிலும் ஆலிவரிக்குள்ளேயும் காபாவோடு சேர்ந்து கிளைசினும் வேலை செய்கிறது, அங்கே அடக்கம் வேகமானது. மேக்னோவிலும் லாமினாரிஸிலும் காபாதான் பெரும்பங்கு. பாலூட்டிகளின் இதே வேலைக்கான சுற்றில் கிளைசின் கோலோச்சுவதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

காபா-பி என்று இன்னொரு ஏற்பி நரம்பு முனைகளிலேயே இருக்கிறது. அதற்கு அயனிக் கதவு கிடையாது, அது கடத்தி வெளிவருவதைக் குறைக்கும். இதில் ஒரு விசித்திரம்: காதிலிருந்து வரும் முனையில் இதைத் தூண்டினால் முதல் அடி சிறுத்துவிடும், ஆனால் வேகமான தொடரில் பின்னால் வரும் அடிகள் பெரிதாகின்றன. கையிருப்பு முதல் அடியிலேயே காலியாகவில்லை, ஏற்பிகளும் களைத்துப்போகவில்லை, அதனால். முதல் அடியை மட்டும் பார்த்து "அடக்குகிறது" என்று முடித்தால் படத்தின் மறுபாதி போய்விடும்.

குளுட்டமேட்டுக்கும் இப்படி ஒரு மறைமுக ஏற்பி வகை உண்டு, எம்குளூஆர். மேக்னோவில் அது காபா வெளிவருவதைக் குறைக்கிறது, அதாவது தூண்டும் கடத்தி அடக்கும் கடத்தியின் கையைக் கட்டுகிறது. இவை மூன்றையும் புள்ளிக்கோடாக வரையுங்கள், தடித்த கோடுகளோடு கலந்தால் சார்ட் காடாகிவிடும்.

10. மின்பதிவுப் படத்தை வாசிக்கும் முன் செய்முறைப் பகுதி

படத்துக்கு நேராகப் போகாதீர்கள். செய்முறைப் பகுதியில் முதலில் மூன்றைத் தேடி ஓரத்தில் குறியுங்கள்.

ஒன்று, வயது. முட்டை அடையில் 21 நாள். 10, 11-ஆம் நாள் வாக்கில் மேக்னோவில் சினாப்ஸ் வேலை தொடங்குகிறது, பெரும்பாலான சீவல் ஆய்வுகள் 17-ஆம் நாளிலிருந்து பொரித்த புதிது வரை. 12-ஆம் நாள் படத்தையும் 19-ஆம் நாள் படத்தையும் பக்கத்தில் வைத்து "முரண்படுகிறது" என்று செமினாரில் சொன்னால் கேள்வி கேட்பவர்கள் விடமாட்டார்கள்.

இரண்டு, வெப்பநிலை. பறவையின் உடல் 41 டிகிரிச் சுற்றில் இருக்கும். சீவலை அறை வெப்பத்தில் வைத்துப் பதிந்திருந்தால் எல்லாமே மெதுவாகத் தெரியும். அந்த எண்ணை உயிருள்ள பறவையின் வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று, பதிவுக்காகச் செல்லில் ஒட்டும் கண்ணாடி ஊசியான பிப்பெட்டுக்குள் என்ன திரவம். இதுதான் பெரிய பள்ளம். செல்லை முழுதாகத் துளைத்துப் பதியும் முறையில் பிப்பெட்டின் திரவம் செல்லுக்குள் நிரம்பி, செல்லின் சொந்தக் குளோரைடு அடித்துக்கொண்டு போய்விடும். பிப்பெட்டில் நிறையக் குளோரைடு போட்டால் எந்த செல்லிலும் காபா டிபோலரைஸ் பண்ணும்! ஆகவே காபாவின் உண்மையான திசையைப் பற்றிப் பேசும் கட்டுரையில் கிராமிசிடின் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது போடும் துளைகளில் பொட்டாசியம், சோடியம் போகும், குளோரைடு போகாது. செல்லின் சொந்தக் குளோரைடு அப்படியே நிற்கும்.

11. மருந்தை வைத்து ஆளை அடையாளம் காணுங்கள்

செல்லை −60 மில்லிவோல்ட்டில் பிடித்துவைத்துப் பதிந்த படத்தில் குளுட்டமேட் மின்னோட்டமும் கீழே இறங்கும், காபா மின்னோட்டமும் கீழே இறங்கும். திசையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மருந்துதான் கதி.

டிஎன்கியூஎக்ஸ் அல்லது என்பிகியூஎக்ஸ் போட்டு மறைந்தால் ஆம்பா. ஏபிவிக்கு மறைந்தால் என்எம்டிஏ. கேபசின் என்ற எஸ்ஆர்95531, அல்லது பைக்குகுலின் போட்டு மறைந்தால் காபா-ஏ. ஸ்ட்ரிக்னினுக்கு மறைந்தால் கிளைசின். பேக்லோஃபென் காபா-பியைத் தூண்டுவது, தடுப்பதல்ல, இதை மாற்றிப் படிக்கிறார்கள். டென்ட்ரோடாக்சின் கேவி1-ஐ அடைக்கும்.

எந்த மருந்தும் முழு யோக்கியம் இல்லை. பைக்குகுலினின் சில உப்புகள் கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் கதவையும் தொந்தரவு செய்யும், காபா-ஏ-வை அடைக்கும் இன்னொரு மருந்தான பிக்ரோடாக்சின் சில கிளைசின் ஏற்பிகளையும் அடைக்கும், ஸ்ட்ரிக்னின் அளவு கூடினால் காபாவிலும் கைவைக்கும். அதனால் மருந்தின் பெயரோடு அதன் அளவையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரே மருந்தை நம்பி "இது கிளைசின்" என்று முடிக்கும் கட்டுரையைவிட இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும் கட்டுரையை நம்புங்கள்.

12. சார்ட் சரியா என்று அதையே கேளுங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு அம்பாக விரலால் மறைத்து, என்ன கெடும் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது, தனியாகச் செய்தால் நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்வோம்.

ஆலிவரியை மறைத்தால் மெல்லிய ஒலியில் பெரிய மாற்றமில்லை, பலத்த ஒலியில் திசைக்கணக்கு கெடும். கேவி1-ஐ மறைத்தால் குளுட்டமேட் அடிக்கு ஒன்றுக்கு மேல் ஸ்பைக் விழும், காபாவின் அடக்கமும் பலவீனப்படும். இரண்டையும் சொன்னால்தான் முழு விடை, பெரும்பாலும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு காதின் காக்லியாவையே (ரோமச் செல்கள் இருக்கும் உள்காது உறுப்பை) எடுத்துவிட்டால்? "அந்தப் பக்கம் செய்தி வராது" என்பது பாதி விடை. இளம் குஞ்சில் அந்தப் பக்கத்து மேக்னோ செல்களில் ஏறக்குறைய 30 சதவீதம் சில நாட்களில் செத்தே போகும். குளுட்டமேட் செய்தி மட்டும் கொண்டுவரவில்லை. எம்குளூஆர் வழியாக செல்லுக்குள் கால்சியத்தைக் கட்டுக்குள் வைத்தும் இருந்தது, அது நின்றதும் கால்சியம் ஏறிவிடுகிறது. 9-இல் புள்ளிக்கோட்டில் போட்ட எம்குளூஆருக்கு இரண்டாவது வேலையாக இதை எழுதிச் சேருங்கள்.

புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் மொட்டைமாடியில் புறா வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் "இது புறாவுக்கும் பொருந்துமா" என்று கேட்பார்கள். நியூக்ளியஸ்களும் முக்கிய இணைப்புகளும் புறாவிலும் உண்டு, பாதைக்கு இதே சார்ட் போதும். ஆனால் குளோரைடு அளவு, மின்னோட்ட வேகம் எல்லாம் கோழிக்குஞ்சில் அளந்தவை, தாமத வரிசையின் நுணுக்கம் பெரும்பாலும் கூகையில் அளந்தது. ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தப் பறவை என்று ஒரு எழுத்துப் போட்டுவையுங்கள், கோழிக்குக் "கோ", கூகைக்குக் "கூ". கூகையில் லாமினாரிஸ் ஒற்றை அடுக்காக இருக்காது, தடித்த தொகுதி, இரண்டு பக்கத்து இழைகளும் தாமத வரிசையாக உள்ளே ஊடுருவும். அதைக் கோழியின் பெட்டிமேல் வரையாமல், சார்ட்டின் பின்பக்கத்தில் தனியாக வரையுங்கள்.